லயத்துக் கணக்கில் இரண்டு வயது

கந்தப்பளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். லயங்களில், அந்த வரிசை வீடுகளில், குடியிருந்து கொழுந்து பறிக்கும் தாய்மார் காலையில் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். செல்வி மட்டும் பகலில் ஓடிவந்து மகனுக்குப் பால் கொடுப்பாள்.

"மகனுக்கு என்ன வயசு?"

"ரெண்டுங்க டீச்சர்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு வயசுல ஒரு பேச்சு வரல்ல. செவுத்தப் புடிச்சுத்தான் நிக்கிறான். இன்னும் என்ன பாலு? மொதல்ல அத நிறுத்துங்க" என்றேன், எல்லார் முன்னிலையிலும்.

மறுநாளிலிருந்து அவள் பகலில் வரவில்லை. பிள்ளை அழுதழுதே தூங்கினான்.

இரண்டு வாரம் கழித்து, நிறை பார்க்க வந்த மிட்வைஃப் பிறந்த திகதி எழுதியிருந்த அவனுடைய கார்டைப் பார்த்தார். பதின்மூன்று மாதம்தான்.

மாலையில் செல்வியிடம் கேட்டேன்.

"ஒண்ணு முடிஞ்சிருச்சே, இப்ப ரெண்டுதானுங்களே" என்றாள்.

டவுனில் கேக் வெட்டி வளர்ந்தவள் நான். முடிந்த வயதைத்தான் வயது என்போம்; லயத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வயதைச் சொல்கிறார்கள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவளோ மகனை வாரி எடுத்துக்கொண்டாள்.

"அப்ப எம்புள்ளைக்கு ஒண்ணும் கொறை இல்லீங்களா டீச்சர்?"

பால் வற்றிப்போயிருந்ததை அவள் சொல்லவே இல்லை. நானாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கார்டு முதல் நாளிலிருந்தே மடுவத்து அலுமாரியில்தான் இருந்தது. திட்டுவதற்கு முன் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.