சமையலறைச் சுவரில் பானிபட்

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. மாம்பலம் ரயிலடியிலிருந்து அடையாறு பாலம் வரைக்கும் ஒரு காலத்தில் தொங்கின கடை போர்டுகளில் பாதி என் கை எழுதியது. தமிழ், இங்கிலீஷ், தெலுங்கு, உருது நாலும் எழுதுவேன். படிக்கத் தெரியுமா என்று கேட்காதீர்கள். எழுத்து ஒரு படம். படத்தை வரைய அர்த்தம் எதற்கு? அப்பேர்ப்பட்ட நான் ஒரு ஆளை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ண வைத்தேன் என்றால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஆள் வேறு யாருமில்லை, என் அம்மாவின் தம்பி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். மயிலாப்பூரில் எங்கள் வீட்டோடு இருந்தார். இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் கோட்டை விட்டவர். சைதாப்பேட்டையில் ஒரு பெண்ணை அவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. இந்த வருஷமும் பாஸானவர்கள் நம்பர் போடுகிற கெஜட்டில் அவர் நம்பர் வராவிட்டால், செங்கல்பட்டில் பாஸான பையன் ஒருத்தன் இருக்கிறான், பெண்ணை அங்கே கொடுத்துவிடுவேன் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். மாமா அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவை, அறுபத்துமூவர் உற்சவக் கூட்டத்தில் பார்த்தவர். அன்றைக்குப் போன தூக்கம் அவருக்குத் திரும்பி வரவில்லை.

படிக்காத ஆள் இல்லை அவர். நாள் பூரா உட்கார்ந்து நோட்ஸ் எழுதுவார். சிக்கல் என்னவென்றால், புஸ்தகத்தில் இருக்கிற எதையும் விட அவருக்கு மனசு வராது. ஆகவே சரித்திரப் புஸ்தகத்தைவிட அவருடைய சரித்திர நோட்ஸ் கனமாக இருந்தது. எழுத்தோ, கோழி மிதித்த மண் மாதிரி. ஒரு நாள் தன் நோட்ஸையே என்னிடம் நீட்டி, இது இன்னா எழுத்துடா என்று கேட்டார். நாலாம் வகுப்புக்காரனிடம்!

அப்போது தியாகராய நகரில் புதுசு புதுசாகக் கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன. எனக்கு மூச்சு விட நேரமில்லை. இருந்தாலும் சொந்த மாமா ஆயிற்றே. தொழில் ரகசியத்தை அவருக்குச் சொன்னேன். போர்டு என்பது ஜட்கா வண்டியில் போகிறவன் கண்ணில் விழ வேண்டும். நாலு வரிக்கு மேல் எழுதினால் ஜட்கா தாண்டிவிடும். பாடமும் அப்படித்தான். ஒரு பாடத்துக்கு ஒரு போர்டு, நாலு வரி. நீ சொல்லு, நான் எழுதுகிறேன் என்றேன். அத்தனை பலகைக்கு எங்கே போவது? வீட்டுச் சுவர் சும்மாதானே நிற்கிறது. காவியும் கரித்தூளும் வஜ்ஜிரப் பசையில் கரைத்து, சமையலறையில் அடுப்புக்கு மேலே முதல் பாடத்தை ஆரம்பித்தோம். தம்பி கல்யாணம் நடந்தால் போதும் என்று அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பாடம் பானிபட். மூன்று சண்டை, ஒரே ஊர்.

"ஒரே ஊர்னா பேரை ஒரு வாட்டி மேலே பெரிசாப் போட்டுர்றேன் மாமா. கீழே ஜெயிச்சவன், தோத்தவன், வருஷம். சண்டைக்கு ஒரு வரி."

"காரணம் வேணாமாடா? பீரங்கி கீது, யானை கீது..."

"யானையை வுடு மாமா. எடமில்லே."

யானையை விட அவர் சம்மதிக்கவில்லை. அந்த யானை ஏன் முக்கியம், பீரங்கிச் சத்தத்துக்கு அது மிரண்டு எந்தப் பக்கம் ஓடியது, அதனால் யார் தோற்றான் என்று அடுப்படியில் நின்று எனக்கு விளக்கினார். நான் பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு எடமில்லே என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படி ஒரு யுத்தம். கடைசியில் அவரே வேண்டாத வார்த்தையை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வருவார். காவி காய்வதற்குள் பாடம் அவருக்கு மனப்பாடம். எல்லாம் என் எழுத்தின் அழகு.

பானிபட் அடுப்புக்கு மேலே. நதிகள் கிணற்றடிச் சுவரில். பருவக்காற்று குளிக்கிற அறை வாசலில். ரசாயனம் மாடிப்படிக்குக் கீழே. ஒவ்வொன்றையும் சுற்றி நகைக்கடைக்குப் போடுகிற பூக்கொடி பார்டர் வேறு. மாமா காலையில் எழுந்து கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றிப் படித்தார். சோறு வடிக்கிறபோது ஆவி அடித்து பானிபட் அழிந்தால் என்னைக் கேட்கக் கூடாது என்று அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்தாள். அழியவில்லை. என் வேலை அழியாது.

பரீட்சை ராயப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். சரித்திர பூகோளப் பரீட்சை அன்று நானே கூட்டிக்கொண்டு போய் வெளியே மரத்தடியில் காத்திருந்தேன். மணி அடித்ததும் வெளியே வந்தவர் முகத்தில் ஈ ஆடவில்லை. நடந்ததை நடந்துகொண்டே சொன்னார்.

முதல் கேள்வியே பானிபட். எங்கள் வீட்டில் சமையலறை இடது பக்கம். அது ஞாபகத்துக்கு வர வேண்டுமென்றால் மாமா இடது பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பியிருக்கிறார். அங்கே ஒரு பையன் குனிந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். அடுத்தது நதிகள். கிணறு பின்பக்கம். முழுசாகப் பின்னால் திரும்பி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கோதாவரியைத் தேடியிருக்கிறார். மேற்பார்வை பார்த்த வாத்தியார் வந்து பக்கத்தில் நின்று, அடுத்தவன் பேப்பரில் உனக்கு என்ன வேலை என்று கேட்டாராம்.

இதற்கு ஒரு புத்திசாலி என்ன சொல்லியிருப்பான்? எங்கள் மாமா உண்மையைச் சொன்னார்.

"இல்லீங்க சார், அந்தப் பக்கம் எங்க சமையலறை கீது."

வாத்தியார் உடனே மாமாவை எழுப்பி, பெஞ்சோடு கொண்டுபோய் முன்மூலையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டார். இனி தலை திரும்பினால் வெளியேதான், பிறகு எந்த வருஷமும் பரீட்சை எழுத முடியாது என்று எச்சரிக்கை. மாமா கண்ணுக்கு முன்னால் செங்கல்பட்டுப் பையன் மாலையும் கழுத்துமாக நின்றிருக்கிறான்.

ஆனால் அது புதுசாக வெள்ளையடித்த சுவர். ஒரு பொட்டு அழுக்கில்லை. பார்த்துக்கொண்டே இருக்க இருக்க, அதன் மேல் என் எழுத்து ஒவ்வொன்றாக எழும்பி வந்ததாம். முதலில் பூக்கொடி பார்டர், பிறகு காவியில் பானிபட், பிறகு ஜெயிச்சவன், தோத்தவன். அதற்குப் பக்கத்திலேயே கோதாவரி. எந்தப் பக்கமும் திரும்ப வேண்டியதே இல்லை. மணி அடிக்கிறவரை எழுதியிருக்கிறார். யானையையும் சேர்த்து எழுதினேன்டா என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

அப்புறம் என்ன பயம் என்று கேட்டேன். அந்த வாத்தியார் ஏதோ காகிதத்தில் குறித்துக்கொண்டாராம். காப்பியடித்ததாக மேலே எழுதிப் போட்டால் கதை முடிந்தது என்று, முடிவு வருகிறவரை மாமா சோற்றைப் பிசைந்தாரே தவிரச் சாப்பிடவில்லை. மயிலாப்பூரில் தபால்காரர் மணியடித்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

கெஜட் வந்த அன்று நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள், சைதாப்பேட்டைக்காரரே எங்கள் வாசலில் வந்து நின்றார். வேர்த்து விறுவிறுத்து, குடையைக்கூட மடக்காமல்.

"நம்பர் வந்துட்டுது மாப்ளே."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா மோர் கொண்டுவந்தாள். நான் சும்மா இருப்பேனா? வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ச் சமையலறையிலிருந்து கிணற்றடி வரை காட்டினேன். இந்தப் பாஸ் இந்தக் கையால் வந்தது என்று விவரமாகச் சொன்னேன். அவர் நிதானமாக எல்லாவற்றையும் படித்தார். கோதாவரியை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு கூடத்துக்கு வந்து மோரைக் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. நம்பர் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, செங்கல்பட்டு ஆளுங்க வந்தா ரூமை விட்டு வெளியே வரமாட்டேன்னு எம் பொண்ணு பொங்கலுக்கே சொல்லிட்டுது. உங்களுக்குத் தெரிஞ்சா புஸ்தகத்தை மூடிடுவீங்க. அதான் நான் வாயைத் தொறக்கலை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அத்தனை காவி, அத்தனை கரித்தூள்! ஆனால் மாமா கோபப்படவே இல்லை. எழுந்தார். ஆணியில் தொங்கின சட்டையை மாட்டினார். தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் குமாஸ்தாவோடு சைதாப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதுடா என்று அம்மா தெருக்கோடி வரைக்கும் கத்திக்கொண்டே போனாள். பாஸான ஆள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.