சட்டையைத் திருப்பிப் போட்டவர்கள்

எழுபதுகளில் அபுதாபியில் அல் ஐன் பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்த கம்பெனியில் நான் டிராஃப்ட்ஸ்மேன். என் மனைவியின் தம்பி அதே கேம்ப்பில் தண்ணி டேங்கர் ஓட்டினான். சைட்டுக்குப் போக மணலில் டயர் போன தடம்தான் வழி. ஒரு காற்று அடித்தால் அதுவும் போச்சு.

அப்படி ஒரு புழுதிக்காற்றில்தான் அவன் காணாமல் போனான். மறுநாள் டேங்கரைக் கண்டுபிடித்தோம். சக்கரம் மணலில் புதைந்திருந்தது, கதவு திறந்து கிடந்தது, டேங்க் நிறையத் தண்ணீர். கேம்ப் பக்கத்தில்தான் என்று நினைத்து இறங்கி நடந்திருப்பான். ஏன்டா இறங்கினாய் என்று வெறும் சீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

எங்கள் என்ஜினீயர் அயர்லாந்துக்காரர், கணக்கில் மயிரிழை பிசகாத மனுஷர். அவர் அங்கேயே சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டார். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தேன். அவர் ஊரில் பழைய பாதைகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டத்துக்குச் சொந்தமாம். அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாதாம், 'நல்லவர்கள்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். அவர்கள் தடத்தை மிதித்தவன் வழி தெரியாமல் ஒரே வயலுக்குள் சுற்றிச் சுற்றி வருவானாம். சட்டையைத் திருப்பிப் போட்டால் கட்டு அவிழுமாம்.

"தேடுகிறவன் போட்டால் பலிக்குமா, தெரியவில்லை" என்றார்.

"எங்க ஊர்ல மோகினியும் இப்படித்தான் வழிய மறக்கடிக்கும் சார்" என்று ராமநாதபுரத்துக்காரர் ஒருவரும் சட்டையைக் கழற்றினார். பிறகு எல்லோரும். நானும்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, மற்றவற்றில் இருந்த நம்பிக்கையும் தீர்ந்திருந்தது. தையலெல்லாம் வெளியே தெரிய, அவன் பெயரைக் கூவிக்கொண்டே மணலில் நடந்தோம்.

நாள் கணக்கில் தேடினோம். கடைசியில் ஃபோர்மேன் "கலாஸ்", முடிந்தது, என்று அரபியில் சொல்லிவிட்டான். எல்லோரும் டியூட்டிக்குத் திரும்பினார்கள்.

என்ஜினீயர் என் ரூமுக்கு வந்தார். "எங்கள் ஊரில் இப்படிப் போனவனைச் செத்தவன் என்று சொல்ல மாட்டோம். அவர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்போம்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ அவரை அறைய வேண்டும் போலிருந்தது. செத்தான் என்று சொல்லித் தொலைத்தால் உட்கார்ந்து அழவாவது செய்யலாம்.

லீவில் ஊருக்குப் போனேன். காரியத்துக்கு ஐயரிடம் சொல்லட்டுமா என்று மாமியாரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"உடம்பக் கண்ணால பாத்தீங்களா மாப்பிள்ளை?"

"இல்லீங்க அத்தை."

"அப்ப வாயைக் கழுவுங்க."

அதன்பின் அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாமியாருக்கு அவன் ஒரே மகன். சில வருஷம் கழித்து அவர் இறந்தபோது, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று சாயங்காலம்வரை உடலை எடுக்காமல் வைத்திருந்தாள் என் மனைவி. இருட்டும் நேரத்தில் நான் போய்க் கொள்ளி வைத்தேன்.