நீல பட்டன்

இகுயோ வாசலில் வந்து நின்றால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஜப்பானின் நாகானோவில், வீடுகளுக்குப் பேப்பர் போடும் அவளுடைய கடைக்கு அறுநூறு வீடுகள். இருபத்தாறு வருடமாக வீடு வீடாக ஏறி, சோப்புத் தூள் டப்பாவை இனாமாக நீட்டி, ஊர்க்கதை பேசிச் சந்தாவைப் புதுப்பித்து வருகிறவள். அந்த வாய்தான் பத்திரிகை ஆபீசுக்கு வேண்டியிருந்தது.

ஆபீசிலிருந்து நிஷிகவா வந்தார். குனிந்து வணங்குவதில் ஒரு குறையும் வைக்காத மனிதர்.

"காலம் மாறுதும்மா. போன்லயும் நம்ம செய்தி வரணும். பேப்பரோட சேர்த்துதான், இலவசம். உங்க வீடுகளைப் பதிவு பண்ணிக் குடுங்க."

"பேப்பரை நிறுத்திட மாட்டீங்களே?"

"நீங்க இல்லாம நாங்க எங்கம்மா?"

நம்பினாள். கோடை முழுக்க வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொரு கிழவர் கையிலும் போனைக் கொடுத்துச் சொல்லித் தந்தாள். போனில் வந்து ஏமாற்றுகிறவர்களுக்குப் பயந்து எதையுமே தொடாதவர்கள் அவர்கள். "நீல பட்டன் வந்தா அது நாங்க. பயப்படாம அமுக்குங்க," என்றாள்.

அக்டோபரில் அந்த வீடுகளுக்கெல்லாம் ஆபீசிலிருந்து ஒரு தகவல் போயிற்று: இனி போனில் மட்டும் படிக்கலாம், பாதி விலை. அடியில் 'சம்மதம்' என்று நீல பட்டன். கடைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு வந்து சேர்ந்த, பேப்பர் வேண்டாம் என்றவர்கள் பட்டியலில் இருநூற்றுப் பதினோரு வீடுகள். முதல் பெயர், முன்னாள் பஸ் ஓட்டுநர் தெராஷிமா. அவர் வீட்டுக்கு ஓடினாள்.

"படிச்சுப் பாக்கலையா பெரியவரே?"

"எழுத்து பொடிசா இருந்துச்சு. நீலம் வந்தா அமுக்குன்னு நீதானம்மா சொன்னே?"

நிஷிகவாவைப் போனில் பிடித்தாள். "என் தலையிலயே மிளகா அரைச்சுட்டீங்களே! இருநூறு வீடு போனா கடையை மூட வேண்டியதுதான்."

"வாசகர் விருப்பம்மா. பதிவுல உங்க கடைதான் முதலிடம், பாராட்டுக் கடிதம் வருது."

போனை வைத்தாள். கூடப் பழகினவன் கழுத்தை அறுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கத்தியை அவள் கையிலேயே அல்லவா கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் புதுச் சந்தா படிவங்களோடு மறுபடி கிளம்பினாள். முதலில் தெராஷிமா வீடு. இத்தனை வருடத்தில் அவள் நீட்டிய தாளை அவர் ஒரு தடவையும் படித்ததில்லை. பேச்சை நிறுத்தாமலே கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தித் தருவார். இன்று மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"கோவிச்சுக்காதம்மா. மகளைக் கேட்டுட்டுக் குத்தறேன்," என்றார்.