ஒரு செம்புத் தண்ணீர்

மல்லாட்டைச் செடியைப் பிடுங்கும்போது ஈர மண்ணிலிருந்து கிளம்புமே ஒரு வாசம், பச்சைக் காயும் வேரும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. நிலக்கடலையை எங்கள் செஞ்சிப் பக்கத்தில் "மல்லாட்டை" என்றுதான் சொல்வோம். அறுபதுகளில் ஒரு மல்லாட்டைப் பருவத்தில், எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, என் தம்பி பிறந்து ஒன்பது நாள்தான் இருந்தான்.

எங்கள் வேதக்காரக் குடும்பங்களில் பிள்ளை பிறந்த எட்டு நாளுக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். பெயரும் அப்போதுதான் வைப்பார்கள். சிங்கவரத்து நிலத்தில் அறுவடையில் முழுகிக் கிடந்த நைனாவோ, "மல்லாட்ட புடுங்கி முடியட்டும், ஞாயித்துக்கிழமை ஜாம்ஜாம்னு வச்சிக்கலாம்" என்று தள்ளிப்போட்டார். "ஆண்டவர் காரியத்தத் தள்ளாதீங்க" என்று அம்மா கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் தம்பி பால் குடிக்காமல், உதடு நீலம் பாரித்துக் கிடந்தான். வீட்டில் அம்மாவும் நானும்தான். பிரசவத்தில் உதிரம் போய் எழுந்து உட்காரவும் முடியாமலிருந்தவள் தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அடியே ரோசி, தம்பி போயிடுவான்டி. வாசத் தொட்டியில தண்ணி இருக்குது, செம்புல மொண்டாந்து தலையில ஊத்துடி. பிதா சுதன் சொல்லு. சீக்கிரம்!"

சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஞானோபதேச வகுப்பில் அந்தக் கேள்வியையும் பதிலையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பவள் நான். ஆனால் முந்தின மாதம்தான், மரப்பாச்சிக்கு ஞானஸ்நானம் கொடுத்து விளையாடியதற்காக, அந்த வகுப்பை நடத்திக் கோயில் காரியங்களையும் பார்த்துக்கொண்ட உபதேசியார் என் உள்ளங்கையில் பிரம்பால் போட்டு, "நீ இன்னாடி, சாமியாரா? இன்னொருவாட்டி அந்த வார்த்தைய வாயில எடுத்தே, தோல உரிச்சிடுவேன்" என்று மிரட்டியிருந்தார். செம்பை எடுத்தேன், தண்ணீரையும் மொண்டுவிட்டேன். ஊற்று, இப்போதே ஊற்று என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது; சத்தியமாகச் சொல்கிறேன், அது என் குரலில்லை. நானோ செம்பை வாசலிலேயே கீழே வைத்துவிட்டு, "உபதேசியாரக் கூட்டியாறேம்மா" என்று ஓடினேன். "போவாதடி!" என்று அம்மா கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது.

உபதேசியார் சைக்கிளில் அனந்தபுரம் போயிருந்தார். ஐயோ, அப்போதாவது திரும்பி ஓடியிருக்கக் கூடாதா? இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று ராஜகிரி மலை நிழல் சாய்கிற வரைக்கும் அவர் வீட்டு வாசலில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வெறி பிடித்தவர் போல மிதித்தார். அம்மா பாயிலிருந்து தவழ்ந்து வந்து, நிலைப்படியில் மயங்கிக் கிடந்தாள். ஒரு கையில் தம்பி. இன்னொரு கை செம்பை நோக்கி நீண்டிருந்தது. ஒரு முழம்தான் எட்டவில்லை. தம்பியின் உடம்பு ஆறிப்போயிருந்தது.

உபதேசியார் தலையிலடித்துக்கொண்டார். "ஏன்டி பாவி, நீயே ஊத்தியிருக்கலாமே! சொல்லிக் குடுத்தேனே!"

பிரம்புக்குப் பயந்து ஆண்டவரைக் காக்கவைத்தவள் நான்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்து மந்திரித்த மண்ணில் அன்று இடம் கிடையாது. மதிலுக்கு வெளியே கள்ளிவேலி ஓரமாக நைனாவே குழி வெட்டினார். "நீ இல்லடி, நான்தான் தள்ளிப்போட்டேன்" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். அம்மா என்னை ஒரு நாளும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு, சண்டைக்காரியிடம் மன்னிப்புக் கேள், இன்ன நோயாளியைப் போய்ப் பார் என்று ஆண்டவர் மனசில் ஒன்றைப் போட்டால் போதும், உலை கொதித்துக்கொண்டிருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். "அம்மாவுக்குக் கால்ல சக்கரம்" என்று என் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அந்தக் கள்ளிவேலி இன்று இல்லை. கல்லறைத் தோட்டத்தைப் பெரிதாக்கி மதிலைத் தள்ளிக் கட்டியதில் தம்பி கிடக்கும் இடமும் உள்ளே வந்துவிட்டது. எது என்றுதான் தெரியவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளை ஆண்டவர் கைவிட மாட்டார் என்று இப்போதுள்ள சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். நம்புகிறேன். என்னை மன்னிக்கத்தான் என்னால் முடியவில்லை. போன கல்லறைத் திருநாளில், மெழுகுவத்தியை எங்கே ஊன்றுவதென்று தெரியாமல் நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து, பக்கத்துக் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண், "யாரு கல்லறை ஆயா? பேரச் சொல்லு, தேடித் தரேன்" என்றாள்.

"பேர் வைக்கலம்மா" என்றேன்.