தண்ணீர் தெளித்த மில்

காய்ந்த வாகைக் கட்டையை அறுக்கும்போது பறக்கும் தூளில் ஒரு காரம் உண்டு. மிளகாய் வறுத்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல மூக்கு எரியும், கண்ணில் நீர் கோக்கும். காக்களூரில் மர மில்லின் பின்சுவரை ஒட்டியிருந்த எங்கள் வீட்டில் அந்தத் தூள் துவைத்த துணியிலும் குடிக்கிற தண்ணீரிலும் படிந்திருக்கும். நான்கு வயதுத் தம்பி ரவிக்கு அது ஆகாது. "வீசிங்" வந்துவிட்டால் அவன் விலா உள்ளே போய்ப்போய் வருவதைப் பார்த்துக்கொண்டு அம்மாவும் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம்.

அந்த மில்லில்தான் எங்கள் நைனா பெரிய "ரம்ப மெஷின்" ஓட்டினார்.

மில் தூளைத் தடுக்கச் சொல்லி அம்மா தெருவில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிப் பஞ்சாயத்தில் மனு கொடுத்தாள். நைனா அன்று ஒன்றுதான் கேட்டார்: "என் பேரும் அதுல கீதா, இல்லியா?"

"இல்ல. என் பேருதான் மொதல்ல கீது" என்றாள் அம்மா.

முதலாளி கோபப்படவில்லை. "எல்லாரும் வந்து வேலைய நேர்ல பாருங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவையே மில்லுக்கு அழைத்தார். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, டீ, மசால் வடை என்று கல்யாண வீடுபோல இருந்தது. நைனா மெஷின் ஓட்டுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆளுயரச் சக்கரத்தில் ரம்பம் சுழல, அவர் கட்டையை ஒரு நூல்கூட விலகாமல் தள்ளிக்கொண்டுபோக, பலகை வாழைமட்டைபோலப் பிரிந்து விழுந்தது. பதினோரு வயதுக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. அதோடு பயமும்தான், ஏனென்றால் அம்மா ரவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, டீயைக் கையால்கூடத் தொடாமல், தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரை ஈரமாக இருந்தது. கட்டைகளும் ஈரம். தூளே பறக்கவில்லை.

"இதுக்கா செல்வி எங்ககிட்ட கையெழுத்து வாங்கின?" என்றாள் பக்கத்து வீட்டு மேரி அக்கா. நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மா எழுந்துவிட்டாள்.

"ஐயா, தெனமும் இப்பிடித் தண்ணி ஊத்தித்தான் அறுக்கிறீங்களா?"

முதலாளி அவளைப் பார்க்கவில்லை, நைனாவைப் பார்த்தார். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீயே சொல்லுப்பா, உன் சம்சாரத்துக்கு."

நைனா சுவிட்சை அணைத்தார். அணைத்தாலும் அந்தச் சக்கரம் உடனே நிற்காது. விர்ரென்ற சத்தம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வர, தெரு முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அம்மாவின் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டேன். சக்கரம் நின்றதும் நைனா அம்மாவைப் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டுந்தான்" என்றார். "விடியக்காலைலேர்ந்து நாங்கதான் ஊத்தினோம். நேத்து வரைக்கும் ஊத்தல."

முதலாளி கையிலிருந்த டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனார். வடை அப்படியே கிடக்க, தெரு எழுந்து வீட்டுக்கு நடந்தது.

மறுநாள் நைனா வழக்கம்போல வேலைக்குப் போனார். வேலை போய்ப் பாதியிலேயே திரும்பி வந்துவிடுவார் என்று நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சாயங்காலந்தான் வந்தார். "மெஷின்ல வேற ஆளு. என்னிய கட்டைங்கள அடுக்கச் சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அதன்பின் அந்த மெஷினை அவர் தொடவே இல்லை. ஆனால் அந்த மனுவால் ஒரு மாதத்துக்குள் எங்கள் பக்கம் உயரமாகத் தகரத் தடுப்பு எழும்பியது. தூளை உறிஞ்சும் குழாயும் வந்தது. ரவியின் மூச்சுத்திணறல் நிற்கவில்லை என்றாலும் வெகுவாகக் குறைந்தது.

இன்று அந்த இடத்தில் நீலக் கூரை போட்ட குடோன் ஒன்று நிற்கிறது. மில்லும் இல்லை, ரம்பச் சத்தமும் இல்லை. ரவி கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். போன மாதம் ஊருக்குப் போனபோது, நைனா உண்மையைச் சொல்வார் என்று அன்றைக்கே தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"தெரியாதுடி. மாத்திச் சொல்லியிருந்தா உங்க ரெண்டு பேரயும் இட்டுக்கினு எங்கம்மா ஊட்டுக்குப் போயிருப்பேன். துணியெல்லாம் மூட்ட கட்டி வெச்சிட்டுத்தான் மில்லுக்கே வந்தேன்."

"நைனாவுக்குத் தெரியுமா?"

அவள் நைனா படுத்திருந்த உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாது. நீயும் சொல்லிடாத."