பன்னிரண்டு ஓட்டைகளும் ஒரு பூட்டும்

திண்டுக்கல்லில் பூட்டுக் கடை வைத்திருப்பவரின் கடையே சரியாக மூடவில்லை என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், ஆடி மாதம் தொடங்கி எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

குற்றம் பூட்டின் மேல் இல்லை, ஷட்டரின் மேல். அப்பாவுக்கு இடுப்பில் வலி வந்து, கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஷட்டருக்கு மோட்டார் வைத்தார்கள். எங்கேயோ கழற்றிய பழைய மோட்டார் அது. பொத்தானை அழுத்தினால் ஓடும். எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியாது. ஷட்டர் உச்சிக்கு வந்ததும் நாம்தான் விரலை எடுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் தகடு மேலே உருளையில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்பாவோ பொத்தானில் விரலை வைத்தபடியே தெருவில் போகிறவரிடம் பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டதா என்று விசாரிக்கிற ஆள். மூன்று முறை சிக்கியது. மூன்றாவது முறை, சிக்கியதை இறக்கும்போது ஷட்டர் பாதியில் நின்றுவிட, இரண்டு நாள் வாடிக்கையாளர்கள் குனிந்து உள்ளே வந்து பூட்டு வாங்கிப் போனார்கள்.

"இதுக்கு ஒரு சென்சார் வச்சாப் போதும்ணே. நான் வைக்கிறேன்" என்றாள் அத்தை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கோயம்புத்தூரில் லிஃப்ட் செய்கிற கம்பெனி ஒன்று அவளை வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தது. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தாத்தா இறந்த பிறகு அத்தையைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அப்பா. அவளை விட்டுவிட்டு இருக்க அவருக்கு மனசு வரவில்லை. அதை அப்படியே சொல்லத் தெரியாமல், அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, விடுதிச் சாப்பாடு ஆகாது என்று தினம் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

சென்சார் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிர்க்கடைக்காரரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னார்: "சரி ஆத்தா. இந்தக் கதவு பத்து நாளு தானா ஏறி, தானா நிக்கட்டும். ஒரு தடவகூடத் தப்பலேன்னா நீ கோயம்புத்தூர் போ."

அத்தை நேராக வீட்டுக்குப் போய் பிஸ்கட் டப்பா ஒன்றின் மூடியை எடுத்து வந்தாள். அதை வட்டமாக வெட்டி, ஓரத்தில் சுற்றிலும் பன்னிரண்டு ஓட்டைகள் போட்டாள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நுனி அளவு. ஷட்டர் சுருளும் உருளையின் முனையில் அந்தத் தட்டைப் பொருத்தி, அதன் இரண்டு பக்கமும் கவ்வியிருக்கும்படி சென்சாரை வைத்தாள். ஒரு பக்கம் சின்ன வெளிச்சம். மறுபக்கம் அதைப் பார்க்கும் கண். உருளை சுற்றும்போது ஓட்டை எதிரே வந்தால் வெளிச்சம் தெரியும், வராவிட்டால் தெரியாது. வெளிச்சம் தெரிகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று என்று அது எண்ணிக்கொள்ளும். தரையிலிருந்து உச்சிக்கு மூன்றரைச் சுற்று, அதாவது நாற்பத்திரண்டு. எண்ணிக்கை நாற்பத்திரண்டு ஆனால் மோட்டார் நின்றுவிட வேண்டும். இறங்கும்போது அதே கணக்கு தலைகீழ்.

"ஓட்டை அடைஞ்சுச்சுன்னா இதுக்குக் கண்ணு தெரியாதுண்ணே. தூசி போகாமப் பாத்துக்கணும்" என்று அப்பாவிடம் அத்தை விளக்கியது எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது மூடி போன டப்பாவின் பிஸ்கட்டுகளைக் காலி செய்துகொண்டிருந்தேன். அப்பா மட்டும் ஏணியடியில் நின்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

முதல் வாரம் தோல்விதான். ஷட்டர் பாதி ஏறும்போது கரண்ட் போனால் சென்சார் எண்ணிக்கையை மறந்துவிடும். எங்கள் தெருவில் கரண்ட் போகாத நாள் ஏது? அத்தை கரண்டைக் குறை சொன்னதும் அப்பாவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டினார். அத்தை காதில் வாங்கவே இல்லை. எண்ணிக்கை மறக்காமல் இருக்க ஒரு சின்ன பேட்டரியைச் சேர்த்தாள். மதியம் சாப்பிடக்கூட இறங்கி வராமல் ஏணியிலேயே உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டாள். நான் கீழே நின்று ஷட்டர் ஏறும்போதெல்லாம் சத்தமாக எண்ணுவேன். என் எண்ணிக்கையும் அவள் சென்சாரின் எண்ணிக்கையும் ஒன்றாக வந்த அன்றைக்கு, கடைக் காலண்டரில் ஒன்று என்று எழுதினாள்.

இரண்டு, மூன்று, ஏழு, ஒன்பது. ஷட்டர் ஏறியது, நின்றது, இறங்கியது, நின்றது. எதிர்க்கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவர் கடைக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்க ஆரம்பித்தார். எட்டாம் நாளிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

பத்தாவது நாள் ஆயுத பூஜை. காலையில் ஷட்டர் ஏறி நாற்பத்திரண்டில் நின்றது. பூஜை முடிந்து சாயங்காலம் ஒரே ஒரு முறை இறங்கி நின்றால் போதும், அத்தை ஜெயித்துவிடுவாள். அவள் பொரியும் சுண்டலும் எடுத்துவர வீட்டுக்குப் போனாள். கடையில் நானும் அப்பாவும்தான். சந்தனக் கிண்ணமும் குங்குமமும் என் பொறுப்பு. தராசு, கல்லாப்பெட்டி, சாவி வெட்டும் மிஷின், அலமாரியில் இருந்த பூட்டுகள் என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தேன்.

"மேல அத்த செஞ்சது இருக்குல்ல. அதுக்கு வைக்கலியா?" என்றார் அப்பா.

அவரே ஏணியைத் தூக்கி வந்து சாத்தினார். நான் ஏறினேன். தட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொட்டு வைக்கவென்றே பன்னிரண்டு இடம் விட்டுச் செய்தது போலிருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

"ஒண்ணு விடாம வையி தாயி" என்று அப்பா கீழே ஏணியைப் பிடித்தபடி சொன்னார். அத்தை ஜெயிக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே பன்னிரண்டையும் முடித்தேன். இறங்கியதும் அப்பா தன் துண்டால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார்.

பூஜை முடிந்தது. சூடம் காட்டி, பொரி கொடுத்து, எல்லோரும் வெளியே வந்து நின்றோம். அத்தை பொத்தானை அழுத்தினாள். ஷட்டர் இறங்கித் தரையைத் தொட்டது. நிற்கவில்லை. மேலே உருளை சுற்றிக்கொண்டே இருக்க, தகடு வயிறு தள்ளி வளைந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு ஒரு பக்கம் பிதுங்கி நின்றது. அத்தை ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

கடையின் பின்கதவு வழியாக உள்ளே போய் ஏணியில் ஏறினாள். வெகுநேரம் அங்கேயே இருந்தாள். இறங்கி வந்தபோது கையில் அந்தத் தட்டு இருந்தது. பன்னிரண்டு பொட்டும் கலையாமல் அழகாக இருந்தன. அவள் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏணிய யாருடி பிடிச்சா?"

"அப்பாதான்" என்றேன். நல்ல காரியத்தில் அவருக்கும் பங்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா காலண்டரைப் பார்த்தார். கடிதத்தில் குறித்திருந்த நாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது.

"நாளைலருந்து மறுபடி பத்து நாளு" என்றாள் அத்தை. பிடித்த பிடியை விடாத அப்பா அன்று மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினார். நல்ல நாள் என்பதால் இரக்கப்பட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை தகட்டை நிமிர்த்த ஆள் பிடித்தாள். தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். "பொட்டு வைக்கிற ஊர்ல மிஷின் செய்றவ அதுக்குத் தக்கன செய்யணும். என் தப்புதான்" என்று அம்மாவிடம் சொன்னாள். மோட்டார் ஓடியும் எண்ணிக்கை நகராவிட்டால் உடனே நின்றுவிடும்படி மாற்றினாள். தட்டையும் சென்சாரையும் மூடுகிற மாதிரி ஒரு தகரப்பெட்டி அடித்தாள். பிறகு அப்பாவின் அலமாரியிலிருந்து சின்னப் பூட்டு ஒன்றை எடுத்துப் பெட்டியில் மாட்டினாள். அப்பா இரண்டு சாவிகளை நீட்டினார்.

"இதுக்கு மூணு சாவி வரும்ணே" என்றாள்.

அப்பா சட்டைப் பையிலிருந்து மூன்றாவதை எடுத்துக் கொடுத்தார்.

பூட்டு விழுந்த சத்தம் எனக்குக் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது. அன்று சாப்பிட மாட்டேன் என்று அழுது அடம்பிடித்தேன். உன்மேல் கோபமே இல்லை என்று அத்தை தலையைத் தடவித் தடவிச் சொன்னாள். கோபம் இல்லை என்றால் பூட்டு எதற்கு? நான் நம்பவில்லை.

இந்த முறை பத்து நாளும் ஷட்டர் தப்பவில்லை. பதினோராம் நாள் காலை அத்தையைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அவள் பெட்டியை அம்மாவும் நானும் தூக்கி வந்தோம். அப்பாவுக்கு இடுப்பு வலி. இருந்தும் பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அத்தையும் அழுதாள். அழுதுகொண்டே ஒரு சாவியை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இது உன்ட்டயே இருக்கட்டும். யாரு கேட்டாலும் குடுக்காத."

"அப்பா கேட்டா?"

"அப்பா கேட்டாலுந்தான்."

என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்து, வீடு வரை சாவியை இறுக்கிப் பிடித்தபடி குதித்துக்கொண்டு வந்தேன். அப்பா அதைக் கேட்கவே இல்லை. தங்கை செய்தது என்று கடைக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கும் ஷட்டரை ஏற்றி இறக்கிக் காட்டுகிறார். நான்தான் அதற்குப் பிறகு எந்த ஆயுத பூஜையிலும் சந்தனக் கிண்ணத்தைத் தொடவில்லை. அப்பாவும் தொடச் சொன்னதில்லை. பெட்டியைத் தூக்க முடியாத இடுப்பு, பதினோரு நாள் முன்னால் அந்த ஏணியை எப்படித் தூக்கியது என்று ஒன்பது வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பூட்டு என் விரலுக்குப் போட்ட பூட்டு என்று நினைத்தே வளர்ந்தேன்.