ஐந்து மணிக்குள் மறுப்பு வராவிட்டால்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'வரைவு'. தொலைபேசி நிறுவனங்களின் சங்கத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கடிதங்களுக்கு வரைவு எழுதியே தலை நரைத்தவர். தெருவில் விளம்பரப் பலகைகளில் எலியும் பூனையுமாக இருக்கும் எட்டு நிறுவனங்கள், எங்கள் மூன்றாம் மாடிக்கு வந்தால் ஒரே தட்டில் பிஸ்கட் எடுக்கும். அந்த எட்டு வாயையும் ஒரே கடிதத்துக்குள் அடக்குவதுதான் அவர் பிழைப்பு. யாருக்கும் கோபம் வராத வாக்கியம் எழுதுவதில் மனிதர் கில்லாடி. படித்து முடித்தால் என்ன சொன்னார் என்றே தெரியாது.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் வரைவு எட்டுப் பேருக்கும் போகும். மாலை ஐந்து மணிக்குள் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று பொருள். ஒவ்வொருவரும் வாய் திறந்து 'சரி' சொல்லக் காத்திருந்தால் ஒரு கடிதமும் வாசல் தாண்டாது என்று யாரோ புண்ணியவான் ஏற்படுத்தியது. அனுப்புவது என் வேலை.

வெள்ளத்தில் ஒரு நிறுவனத்தின் டவர் விழுந்தால், அதன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளை மற்ற நிறுவனங்களின் டவர்கள் ஏற்க வேண்டுமா? தொலைத்தொடர்பு ஆணையம் மூன்று வருடத்துக்கு முன் இதைக் கேட்டது. 'மேலும் ஆய்வு தேவை' என்று வரைவு பதில் எழுதினார். எட்டுப் பேருக்கும் பரம திருப்தி.

அடுத்த மழையில், ஆற்றோரம் இருந்த அவர் தங்கை வீட்டைத் தண்ணீர் சூழ்ந்தது. மாடியில் தங்கை புருஷனுக்கு நெஞ்சுவலி. படகு அனுப்பும் அலுவலகத்தின் எண்ணை அவள் நாற்பத்தோரு முறை அழுத்தினாள். அவள் நிறுவனத்தின் டவர் மூழ்கிவிட்டது. எதிரே மேட்டில் இன்னொரு நிறுவனத்தின் டவர் ஜம்மென்று விளக்கெரிய நின்றது. அவள் போனுக்கு அது வெறும் இரும்பு. படகு வந்தபோது அந்த மனிதர் உயிரோடு இல்லை.

விடுப்பு முடிந்து வந்த வரைவு, பழைய கடிதத்தின் நகலைத் தேடி எடுத்துத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். "நான் எழுதுனதுதான் மேடம்," என்றார்.

இந்த வருடம் ஆணையம் மறுபடி அதையே கேட்டது. மழைக்கு இருபது நாள்தான் இருந்தது. தங்கையும் இரண்டு பிள்ளைகளும் இன்னும் அதே வீட்டில். "உங்க ஆளுங்க ஒத்துக்கிட்டா இருக்கேன், இல்லேன்னா பிள்ளைங்களோட கிளம்பிடறேன்," என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாள்.

இருபத்தாறு பக்க வரைவை அனுப்பப் போகும்போது பத்தொன்பதாம் பக்கத்தில் என் கண் பட்டது. 'இதைச் சங்கம் முழுமையாக ஏற்கிறது.' வாழ்நாளில் அவர் எழுதிய முதல் தெளிவான வாக்கியம்.

"சார், யார் சொல்லி இதை எழுதினீங்க?"

"யாரும் சொல்லல. யாரும் படிக்கவும் மாட்டாங்க. அனுப்புங்க மேடம்."

அனுப்பினேன்.

எட்டு நிறுவனம், ஒரு வக்கீல் பட்டாளம், ஒருவர்கூடப் பத்தொன்பதாம் பக்கம் வரை போகவில்லை. ஐந்து அடித்தது. கடிதம் ஆணையத்துக்குப் போனது. உடனே வரைவு தங்கைக்கு போன் போட்டு, "எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கம்மா, கடிதம் போயிடுச்சு," என்றார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்.

மறுநாள் காலை ஆணையத்திலிருந்து எங்கள் செயலாளரைப் பாராட்ட ஒருவர் கூப்பிட்டார். வந்தது வினை. பதினோரு மணிக்குள் வரைவின் வேலை போயிற்று. இத்தனை வருடமும் அவர் வைத்திருந்த அலுவலக போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். தட்டச்சுப் பிழை என்று ஒரு வாபஸ் கடிதம் தயாரானது. அன்று மாலை ஐந்துதான் ஆணையத்தின் கடைசி நேரம். அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. இந்த முறை எட்டுப் பேரும் பத்தே நிமிடத்தில் 'சரி' என்று பதில் போட்டார்கள்.

செயலாளர் கையெழுத்திட்டு அனுப்பச் சொன்னபோது மணி நாலே முக்கால். பையைத் தூக்கிக்கொண்டு வரைவு என் மேசைக்கு வந்தார்.

"கால் மணி நேரம் தாமதமா அனுப்புங்க மேடம். இன்டர்நெட் போச்சுன்னு சொல்லிடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

நிஜமாகவே குனிந்தார். காவலாளி அவர் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன். எனக்கு வேலை வேண்டும். வேறு காரணம் என்னிடம் இல்லை.

ஐந்து பத்துக்கு என் மேசை போன் அடித்தது. அவர் தங்கை.

"அக்கா, அண்ணன் போன் ஆஃப்னே வருது. கடிதம் போயிடுச்சுன்னு நேத்து சொன்னாரு. அப்போ இந்த மழைக்கு நாங்க வீட்டுலயே இருந்துக்கலாம்ல?"

செயலாளர் அறைக் கதவு திறந்திருந்தது. அவள் அண்ணனே சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றேன்.

"அக்கா? கேக்குதா?" சற்று நேரம் காத்திருந்தாள். "சரிக்கா. பிள்ளைங்ககிட்ட சொல்லிடறேன்."

நான் மறுப்புச் சொல்லவில்லை.